மாப்பிள்ளையோடு ராமேஸ்வரம்

எங்கள் குடும்பத்தில் ஊர் சுற்றுகிறவன் என்றால் அது நான்தான். அதை யாரும் பாராட்டாகச் சொன்னதில்லை. ஆனாலும் அது எனக்கே எனக்கென்று இருந்தது. ஆறாம் வகுப்பை முடித்து, மலாய்ப் பள்ளியில், மொழி பழக்கும் புகுமுக வகுப்புக்குச் சில மாதம் போய்விட்டு, அதற்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாமல் வெளியே வந்தேன். பிறகு எங்கேயும் நிலையாக உட்கார்ந்ததில்லை. மலேசியாவின் தெற்குக் கோடியில், கோத்தா திங்கி பக்கம் செம்பனைக் குலை வெட்டினேன். ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையோரப் பானைக் கடைகளில் பூச்சட்டி ஏற்றி இறக்கினேன். தங்காக்கில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். படுக்க இடமில்லாததால் அந்த மூட்டைகளின் மேலேயே படுத்துக்கொண்டேன். நல்ல படுக்கை அது. பாசிர் கூடாங்கில் கப்பல் தொட்டி கழுவியபோது இடது கையில் ஒரு விரலின் நுனி போனது. சிங்கப்பூரில் தட்டு கழுவினேன். இப்போது மறுபடியும் ஆயர் ஈத்தாமில், அதே பானைக் கடை வரிசையில், வேறொரு முதலாளியிடம் இருக்கிறேன்.

இவ்வளவு சுற்றியவனுடைய பாஸ்போர்ட், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரைத் தாண்டியதில்லை. இதை யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் தங்கையின் கணவர் எனக்கு நேர் எதிர். அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. உலு திராமிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து நெரிசலில் நின்று, வேலை முடிந்து, அதே நெரிசலில் திரும்பி வருவார். எத்தனையோ வருடமாக ஒரே சாலை. மனிதர் எங்கே போனாலும் வீடு திரும்பத்தான் போகிறார். என் அம்மா அவர்களோடுதான் இருக்கிறார். அப்பாவும் அங்கேதான் இருந்தார். பக்கவாதம் வந்து படுத்தபோது மாப்பிள்ளைதான் அவரைத் தூக்கி உட்கார வைத்தார், குளிப்பாட்டினார், சவரம் செய்துவிட்டார். நான் அப்போது தங்காக்கில் இருந்தேன். எப்போதாவது வருவேன், ஒரு வேளை சாப்பிடுவேன், போய்விடுவேன். அப்பா இறந்தபோது நேரத்துக்கு வந்து கொள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு எல்லாம் மாப்பிள்ளைதான். வருடா வருடம் திதி நாளில் அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆட்டிறைச்சி பிரட்டலும் மீன் குழம்பும் வைத்து, அப்பா குடிக்கும் கறுப்பு பீரை அப்பாவின் கண்ணாடிக் குவளையிலேயே ஊற்றுவார். நுரை பொங்காமல் எப்படி ஊற்ற வேண்டும் என்று அப்பாவே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். நான் விருந்தாளி மாதிரி பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு, சாப்பிட உட்காருவேன்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் வீட்டின்மேலோ சம்பளத்தின்மேலோ இல்லை. வீடும் சம்பளமும் கிடைத்திருந்தால் நான் எப்படியும் விட்டுவிட்டுப் போயிருப்பேன். என் அம்மா கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் "மாப்பிள்ள வந்துட்டாரு" என்று எழுந்திருப்பாரே, அதன்மேல்தான்.

ராமேஸ்வரம் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்பாவுக்கு ஒரு தடவையாவது அங்கே கடலோரம் உட்கார்ந்து முறையாகச் செய்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைதான் எல்லாவற்றையும் விசாரித்து ஏற்பாடு செய்தார். ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், நீங்களும் வரணும். நான் ஒக்கார முடியாதாம்."

ஏன் என்று கேட்டேன்.

"எங்க அப்பா இருக்காருல்ல. அப்பா உசுரோட இருக்கறவங்க தர்ப்பணம் செய்யக்கூடாதாம். நீங்கதான் மகன். நீங்கதான் ஒக்காரணும்."

அவருடைய அப்பா உலு திராமில்தான் இருக்கிறார். தினமும் காலையில் சீனன் காப்பிக் கடையில் உட்கார்ந்து ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிடுகிறார். கல் மாதிரி உடம்பு. அந்த மனிதரின் ஆரோக்கியத்துக்காக நான் மனமார மகிழ்ந்தது அன்றைக்குத்தான். மாப்பிள்ளையால் செய்ய முடியாத ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. அதை நான் செய்ய முடியும். செய்வதற்கு எனக்குப் படிப்பு வேண்டாம், வீடு வேண்டாம், மகனாகப் பிறந்திருந்தால் போதும். அதை ஏற்கெனவே முடித்துவிட்டேன்.

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மா, தங்கை, மாப்பிள்ளை, நான். கோலாலம்பூரில் விமானம் ஏறி, திருச்சியில் இறங்கி, அங்கிருந்து வேன். நான் முதன்முதலாக விமானத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கும் அதுதான் முதல் தடவை. ஆனால் அவர் எல்லாவற்றையும் போனில் பார்த்துப் படித்துவைத்திருந்தார். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். பிறகு, நான் கேட்காமலேயே, எனக்கும் காட்டினார்.

பாம்பன் பாலத்தின் மேல் வேனை நிறுத்திக் கடலைப் பார்த்தோம். கீழே ரயில் பாலம், இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர், மீன்பிடிப் படகுகள் ஒரே திசையில் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றன. காற்று தங்கையின் துப்பட்டாவைப் பிடுங்கியது. கப்பல் வந்தால் ரயில் பாலத்தின் நடுப்பகுதி எப்படி வழிவிடும் என்று மாப்பிள்ளை கையை அசைத்து விளக்கினார். அம்மா வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு சில தடவை அம்மாவைச் சிங்கப்பூர்ப் பாலத்தில் அழைத்துப்போய் இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று நான் காட்டியிருக்கிறேன். அம்மா பஸ்ஸில் தூங்கிவிடுவார்.

ராமர் பாதம் இருக்கும் மணல் குன்றுக்குப் போனோம். மேலே மண்டபத்து மாடியில் நின்றால் தீவு முழுதும் தெரியும். தென்னை மரங்களுக்கு நடுவே கோபுரம், அதைத் தாண்டி எங்கே பார்த்தாலும் கடல். படி ஏறும்போது அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் கை கொடுக்கத் திரும்புவதற்குள் அம்மாவின் கை மாப்பிள்ளையின் தோளில் இருந்தது. அது யோசித்து வைத்த கை இல்லை. தினமும் அங்கேதான் இருக்கும் போலிருக்கிறது. நான் அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

அங்கிருந்து மிதக்கும் கல் பார்க்கப் போனோம். ராமர் பாலம் கட்டிய கல் என்று ஒரு தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். பெரிய கல். கையால் அமுக்கினால் உள்ளே போய் மறுபடியும் மேலே வருகிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பேசாமல் இருந்தார். ஒரு முறையாவது எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. மெர்சிங்கில் மீன்பிடித் துறையில் கொஞ்ச நாள் ஐஸ் கொட்டும் வேலை செய்திருக்கிறேன். அந்தக் கரையில் இந்த மாதிரி ஓட்டை ஓட்டையான கல் ஒதுங்கிக் கிடக்கும்.

"இது பவளக் கல்லும்மா. உள்ள காத்து இருக்கறதால மெதக்குது. மெர்சிங்ல சும்மா கெடக்கும்."

பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம்கூட என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

"ஒனக்கு எல்லாம் தெரியும். பேசாம கும்புடு."

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் குனிந்து, தானும் அதைப் படித்திருப்பதாகவும், அத்தை கும்பிடும்போது எதற்கு என்று விட்டுவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்துவதாக அவர் நினைப்பு. எனக்கு மட்டும் தெரிந்தது என்று நான் வைத்திருந்த ஒன்றும் அதோடு போயிற்று.

சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் நடந்தோம். இரண்டு பக்கமும் மேடையின் மேல் தூண்கள், தூணுக்குப் பின்னால் தூண், கடைசித் தூண் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். தரையில் அங்கங்கே தண்ணீர் சொட்டிக் கிடந்தது. கிணறுகளில் குளித்துவிட்டு வந்தவர்களின் ஈரம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. நேராக நடந்துகொண்டே இருக்கலாம், யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். நான் முன்னால் போய்விட்டேன். திரும்பி வரும்போது, மூவரும் ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அம்மாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து வாசலில் டீக்கடையில் நின்றோம். கடைக்கார அம்மா எங்கள் பேச்சைக் கேட்டு, சிங்கப்பூரா என்றார். மலேசியா என்றோம். மாப்பிள்ளை டீயை இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றி அம்மாவின் கையில் கொடுப்பதைக் கடைக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்க மகன் ஒங்கள நல்லா பாத்துக்கிறாரும்மா."

நான் அம்மாவைப் பார்த்தேன். இது மாப்பிள்ளை, அதோ நிற்கிறவன்தான் மகன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அம்மா டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஆமா. நல்லா பாத்துக்குவாரு" என்றார்.

தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என் முகம் புரியும்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அறைக்குப் போய்ப் படுத்ததும் நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் கடலோரம் ஒரு இடம் எனக்காகக் காத்திருந்தது. அங்கே அம்மாவின் கையைப் பிடித்தவர்களும் டீ ஆற்றியவர்களும் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

அக்னி தீர்த்தம் என்று அந்தக் கடற்கரைக்குப் பெயர். அலை கிடையாது. குளம் மாதிரி அசையாமல் கிடக்கும் கடல். விட்டுப்போன பழந்துணிகள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன, மாடுகள் வாழைப்பழத் தோலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன, கரை நெடுக ஐயர்கள் ஆளுக்கொரு கூட்டத்தை உட்காரவைத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் தங்கையும் தள்ளிப் படியில் நிழலில் உட்கார்ந்தார்கள். நான் கடலில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஐயர் தர்ப்பைப் புல்லை முறுக்கி என் விரலில் மோதிரமாக மாட்டினார். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் கை கட்டி நின்றார். நனையாத வேட்டி சட்டையில் விருந்தாளி மாதிரி இருந்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

கோத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார். தெரியாது என்றேன். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யார் அதைச் சொன்னார்கள்? அவருக்கு அது பழகிப்போன பதில் போலிருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று அவரே சொல்லிக்கொண்டார். அடுத்து அப்பா பெயர். சத்தமாகச் சொன்னேன். அப்பாவுடைய அப்பா பெயர். அதையும் சொன்னேன். எங்கள் நாட்டு அடையாள அட்டையில் ஒருவனுடைய பெயரோடு அவன் அப்பாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அப்பாவின் அட்டையில் தாத்தாவின் பெயரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அவரோட தோப்பனார் பேர்?"

தாத்தாவின் அட்டையை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதைக்கூட அந்த நிமிடம் வரை நான் நினைத்ததில்லை. ஐயர் அவசரப்படுத்தவில்லை. பெயர் தெரியாவிட்டால் சுவாமி பெயரைச் சொல்லிச் செய்யலாம், பலன் போய்ச் சேரும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எனக்கு அது போதும். சரி என்று தலையாட்டப் போனேன்.

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"இருங்க சாமி. பேரு இருக்கு."

அவர் ஓரடி முன்னால் வந்து என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"உங்க பேருதான் மச்சான். அவரு பேரத்தான் உங்களுக்கு வச்சிருக்காங்க."

ஐயர் அவரை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் யார் என்றார். மாப்பிள்ளை என்றதும் அப்பா இருக்கிறாரா என்றார். இருக்கிறார் என்று பதில் வந்தது.

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றார். ஆனால் ஐயர் அடுத்து அந்த வம்சத்துப் பெண்களின் பெயரைக் கேட்டார். அப்பாவின் அம்மா, அவருக்கு மாமியார், அவருக்கும் மாமியார். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. தள்ளி நின்ற இடத்திலிருந்தே மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திரும்பிச் சொன்னேன். பக்கத்துக் கூட்டத்தின் மந்திரம் குறுக்கே வந்தபோது கழுத்தை நீட்டிக் கேட்டுச் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் என் கையிலிருந்து விழுந்தன. பெயர்கள் அவர் வாயிலிருந்து வந்தன. என் கொள்ளுத்தாத்தாவுக்கென்று நீர் விட்டபோது என் பெயரை நானே சொல்லி நீர் விட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் முதலாளிகளும் போலீஸ்காரர்களும் கூப்பிட்ட பெயர் அது. எங்கிருந்து வந்தது என்று அப்பா என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அதை மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஏற்பட்டதைப் பக்தி என்று சொல்ல முடியாது. அம்மாவை அவர் எடுத்துக்கொண்டார், போகட்டும், பக்கத்திலேயே இருக்கிறார். செத்துப்போன அப்பாவையும் எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. ஈர வேட்டி, வெயில், கையில் தர்ப்பை, உள்ளே அப்படி ஒரு எரிச்சல்.

பிண்டத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிக் கரைத்தேன். முங்கி எழுந்து திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளை கணுக்கால் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தார். சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வரவழைக்கப் பார்த்தேன், உப்புத் தண்ணீர் கண்ணில் எரிந்ததோடு சரி. அதிலும் அவர் எனக்கு முன்னால் போய்விட்டார்.

கரையேறி அம்மாவிடம் போனோம். அம்மா என்னைப் பார்க்காமல் முதலில் அவரைத்தான் கேட்டார்.

"எல்லாப் பேரும் சரியா சொன்னானா, மாப்பிள்ள?"

"எல்லாம் சரியா சொன்னாரு அத்தே."

அவ்வளவுதான். தான் எடுத்துக் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதுவும் கேட்டிருக்காது. என் ஈரத் தலையை இழுத்துத் தன் முந்தானையால் துடைத்தார். அப்பாவை நீ மறக்கவில்லை என்றார். எத்தனை வருடம் கழித்து என் தலையில் அந்தக் கை! நான் இந்த ஊருக்கு வந்ததே இதற்காகத்தான். இப்போது கிடைத்துவிட்டது. அதையும் அவர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார், டீயை ஆற்றிக் கொடுப்பது மாதிரி. என்னால் தாங்க முடியவில்லை.

"நான் எங்கம்மா சொன்னேன். தாத்தாவுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியல. அவருதான் பின்னால நின்னு சொன்னாரு."

நேர்மைக்காக நான் அதைச் சொல்லவில்லை. அவர் கொடுத்து நான் வாங்கிக்கொண்டதாக இருக்கக் கூடாது, அதற்காகச் சொன்னேன். மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. ஏதோ நான்தான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது மாதிரி தரையைப் பார்த்தார். தங்கை, உனக்கு வாய் சும்மா இருக்காதா அண்ணே என்று முணுமுணுத்தாள்.

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"அது தெரியும். ஒனக்கு எப்படித் தெரியும், நீ எங்க இருந்த? ஒங்கப்பா படுத்திருந்தப்ப பக்கத்துல இருந்தவருகிட்ட பேசுனாரு. நீ இருந்திருந்தா ஒங்கிட்ட பேசிருப்பாரு." காதுக்குப் பின்னால் அழுத்தித் துடைத்தார். "யாரு எடுத்துக் குடுத்தா என்ன. ஒன் வாயால சொன்னாதான் அவருக்குப் போவும்."

திட்டாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. சமையலில் எதை முதலில் போட வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார்.

பிறகு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்தோம். கிணற்று மேட்டில் நிற்கிற ஆள் கயிற்று வாளியை விட்டு மொண்டு, கேட்பதற்குள் தலையில் கொட்டிவிடுகிறார். ஒவ்வொரு கிணறும் ஒரு குளிர். கூட்டம் ஓடுகிறது, தரை வழுக்குகிறது, ஈரத் துணியோடு இவரும் அவரும் இடித்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு விரைகிறார்கள். அம்மாவின் ஒரு கை எப்போதும் போல மாப்பிள்ளையின் தோளில். நான் முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கி, வாளிக்காரரிடம் வயதானவர் என்று சொல்லி மெதுவாக ஊற்ற வைத்தேன். கூட்டத்தில் நுழைந்து வழி பண்ணுவது எனக்குத் தெரியும். லார்க்கின் பேருந்து நிலையத்தில் பெருநாள் சமயங்களில் பழகியது. ஒரு கிணற்றடியில் அம்மா பல் நடுங்கச் சிரித்தார். அப்பா இருந்திருந்தால் இரண்டாவது வாளியிலேயே ஓடியிருப்பார், அவருக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்றார். மாப்பிள்ளை உடனே, ஆமாம், சுடுதண்ணீர் இல்லாமல் என்னைக் கிட்டே விடமாட்டார் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பொதுக் குழாயில் அவர் வாளி வாளியாக ஊற்றிக் குளித்ததுதான் என் நினைவில் இருக்கிறது. அது நான் இருந்த காலத்து அப்பா.

துணி மாற்றிக்கொண்டு சாமி பார்த்தோம். சாப்பிட்டோம். மத்தியானம் தாண்டி தனுஷ்கோடிக்கு வேன் கிளம்பியது.

புயலில் போன ஊர் என்று சொன்னார்கள். சாலையோரம் கூரை இல்லாத தேவாலயம், சுவர் மட்டும் நிற்கும் கட்டடங்கள், அதன் நிழலில் சங்கு மாலை விற்கிறவர்கள். சாலை முடியும் இடத்தில், அரிச்சல்முனையில், இறங்கினோம். ஒரு பக்கத்துக் கடல் அடங்கிக் கிடந்தது, இன்னொரு பக்கத்துக் கடல் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் நாக்கு மாதிரி மணல். அம்மா அடங்கிய பக்கத்தில் கால் நனைக்க, தங்கை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் நானும் மணலில் உட்கார்ந்தோம்.

கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. என் பெயரைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

மாப்பிள்ளைக்கு அதைச் சொல்வதில் கொஞ்சம் கூச்சம். மணலைக் கையில் அள்ளி விட்டார்.

"அவரு தாத்தா ஒரு ஊர்ல நிக்க மாட்டாராம் மச்சான். நெலம் இருந்தும் மாட்ட ஓட்டிக்கிட்டு சந்தை சந்தையா போயிருவாராம். அந்தப் பேர வச்சது என் தப்பு, அதான் இவனும் நிக்க மாட்டேங்குறான்னு சொல்லுவாரு. சொல்லிட்டுச் சிரிப்பாரு."

"சிரிப்பாரா?"

"உங்களப் பத்திப் பேசுனா சிரிப்பாரு. ஒரு பக்கம்தான வாய் போவும். அந்தப் பக்கத்துலயே சிரிப்பாரு."

நான் போய் நின்றபோதெல்லாம் அப்பா சிரித்ததே இல்லை. இன்னும் அதே வேலையா, சாப்பிட்டாயா, எப்போது கிளம்புகிறாய், இவ்வளவுதான். ஒரு பக்க வாயால் என்னைப் பற்றி அவர் சிரித்த சிரிப்பை, நான் பார்க்காத அந்தச் சிரிப்பை, இந்த மனிதர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! அப்பா எனக்காகச் சிரித்தது. அதையும் அவர்தான் வைத்திருக்கிறார். வேறு என்னவெல்லாம் வைத்திருக்கிறாரோ. இன்னும் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, எழுந்து போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

அப்போது அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காலையில எனக்கு வயிறு எரிஞ்சுது மச்சான்."

நான் திரும்பினேன்.

"தப்பா நெனைக்காதீங்க. ஐயரு தள்ளி நில்லுன்னாரா, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் குளிப்பாட்டிவிட்டேன், ஊட்டிவிட்டேன், அவரு வாய்ல இருந்து ஒவ்வொரு பேரா கேட்டு வச்சிருந்தேன். எங்க அப்பா இருக்கற வரைக்கும் எனக்கு அங்க எடம் கெடையாது. அவரு இல்லாம போயி நான் ஒக்காந்தாலும் மொதல்ல எங்க அப்பாவுக்குத்தான். நீங்க சும்மா வந்து ஒக்காந்தீங்க, எல்லாம் போய்ச் சேந்துருச்சு. அதப் பாத்து வயிறு எரிஞ்சுது."

நல்ல மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் அவர் தோளில் கை வைத்திருப்பான். எனக்கு வந்தது சந்தோஷம். அம்மா தலை துடைத்துவிட்டபோதுகூட வராத சந்தோஷம். காலையில் அவர் அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் இருந்த ஒன்றைப் பார்த்து அவர் ஏங்கியிருக்கிறார், அதுவும் நான் எதுவும் செய்யாமல் என்னிடம் வந்து சேர்ந்த ஒன்றைப் பார்த்து.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட எனக்குத் தவறவில்லை. ஆனாலும் காது பக்கம் கையைக் குவித்து, காற்று இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.